லீக் இல்லாத வீடு

மணி பதினொன்று நாற்பது. கீழப்பழுவூர் தாண்டி திருமானூர் போகிற ரோடு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. எதிரே ஒரு வண்டி இல்லை. பைக்கைப் பிரசாத் ஓட்டுகிறான், நான் பின்னால். ஹெட்லைட்டில் பூச்சி மட்டும்... வேறு ஒன்றும் இல்லை.

போனைக் கவிழ்த்து வையுங்கள். கரண்ட் வருகிறவரைக்கும் சொல்வேன், வந்ததும் நிறுத்திவிடுவேன். நடுவில் "நிஜமாவா" என்று கேட்கிற ஆள் இப்போதே எழுந்து போகலாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. பேய் உண்டா என்றால் எனக்குத் தெரியாது. முட்டாள்கள் உண்டு. அவர்களை நெருங்கிப் பார்த்திருக்கிறேன்.

பிரசாத் உங்களுக்குத் தெரிந்தவன்தான். திருச்சியில் நானும் அவனும் ஒரே நைட் ஷிப்ட். எவனோ ஒரு அமெரிக்காக்காரனுடைய பிரிண்டர் ஓடவில்லை என்றால் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் வேலை. நான் பதினாலாவது மாதம் எழுந்து வந்துவிட்டேன். அவன் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்கு ராத்திரி அவனுடைய பெரியம்மா பஞ்சவர்ணம் போன் செய்திருக்கிறார். "வூட்டுக்குள்ள போவ முடியலடா. வந்து என்னன்னு பாரு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். பெரியப்பா இல்லை. ஒரே மகன் முத்தமிழ்செல்வன் மெட்ராஸில். ஆறு நாள் முன்னால்தான் வேலைக்குப் போனான். அந்த வேலைக்கு எப்படிப் போனான் என்பதுதான் கதை. அதில் பாதிக்கு நானே சாட்சி.

முத்தமிழ்செல்வனுக்கு இருபத்துநாலு வயது. பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்தான், அரியர் வைத்தான், இரண்டு வருஷம் வீட்டில் கிடந்தான். மாமன் ஒருவர் சிமெண்ட் ஆலையில் பேக்கிங் செக்ஷனில் சொல்லிவைத்திருந்தார். முதல் தேதி போய்ச் சேர வேண்டும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு மூட்டை எண்ணுகிற வேலை. அவன் அப்பா ராசாங்கம் முப்பது வருஷம் பார்த்ததும் அதேதான். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மகனுக்கு அந்த வாசலை மிதிக்கவே பயம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அப்போது மெட்ராஸில் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. ஒரு பரீட்சை வைத்தார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய துப்பாக்கி விளையாட்டு ஒன்று, பிரவுசிங் சென்டர் காலத்தில் நாம் எல்லோரும் விளையாடியதுதான். அதன் எடிட்டரை, அதாவது ஆட்டம் நடக்கிற இடத்தைக் கட்டுகிற புரோகிராமை எடுத்து, நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை மேப்பாகக் கட்டி அனுப்ப வேண்டும். பத்து நாள் கெடு. பழைய என்ஜினில் ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவனுக்குப் புதியதிலும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான்.

நைட் ஷிப்டில் போன் வராத நேரத்தில் நான் அந்த விளையாட்டுக்கு மேப் கட்டியிருக்கிறேன். அது பிரசாத்துக்குத் தெரியும். என் நம்பரைக் கொடுத்துவிட்டான். தம்பி முத்தமிழ்செல்வன் கூப்பிட்டான். மூன்று நாளாக வீடியோ பார்த்தானாம். "ஹாய் மக்களே" என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் இளிக்கிற கும்பலிடம் பாடம் படித்திருக்கிறான். நான் சொன்னேன், ஒரே ஒரு அறை கட்டு. நாலு சுவர், ஒரு தரை, ஒரு கூரை, ஒரு விளக்கு, ஆள் நின்று தொடங்க ஒரு இடம். ஓட்டிப் பார். அதற்குள்ளே நடந்து பார். அப்புறம் இரண்டாவது அறை.

கேட்பானா? புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரே வியாதி. முதல் மேப்பே சொந்த வீடு. டேப் எடுத்துக்கொண்டு வீட்டை அளந்தான். சுவர் சுவராகப் போட்டோ எடுத்து அதையே மேப்பின் சுவர்களில் ஒட்டினான். ஐந்தாவது நாள் கூப்பிட்டான். "லீக்குன்னு வருதுண்ணே."

லீக் என்றால் இதுதான். அந்தப் பழைய மேப் தண்ணீர்த் தொட்டி மாதிரி. நாலு பக்கமும் மேலும் கீழும் அடைத்திருக்க வேண்டும். ஊசி நுழைகிற சந்து இருந்தாலும் மெஷின் ஒத்துக்கொள்ளாது. லீக் என்று சொல்லி நிறுத்திவிடும். ஆனால் ஓர் உதவி செய்யும். உள்ளேயிருந்து வெளியே ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். கோடு எந்த இடத்தில் சுவரைத் தாண்டுகிறதோ அங்கே ஓட்டை. போய் அடைக்க வேண்டியதுதான்.

படம் பிடித்து அனுப்பினான். கோடு பின்னறைச் சுவரைத் தாண்டி வெளியே போகிறது. அந்தச் சுவரில் அவன் ஒட்டியிருந்த போட்டோவில் ஒரு இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. புதுப் பூச்சு. ஆள் படுத்தால் நுழைகிற அகலம். அது என்னடா என்று கேட்டேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ராசாங்கம் அந்த அறையில்தான் செத்தார். சதய நட்சத்திரம். அடைப்பு, சாவுக்கு ஆகாத நாள். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். அடைப்பில் செத்தவரை வாசல் வழியே எடுக்கக்கூடாதாம். பின்சுவரை இடித்து அந்த ஓட்டை வழியே எடுக்க வேண்டுமாம். எடுத்த கையோடு கொத்தனாரை வைத்துச் செங்கல் அடுக்கிப் பூசிவிட வேண்டுமாம். திரும்பி வந்தால் போன வழியைத்தான் தேடுவாராம்... வழி இருக்காது, போய்விடுவாராம். முப்பது வருஷம் உழைத்து வாசல் வைத்துக் கட்டியவருக்கு அந்த வாசல் தெரியாது என்று ஊரே கூடி நம்புகிறது. அதற்கு ஒரு கொத்தனார் வேறு.

சரி, தொழிலுக்கு வருவோம். வெளுத்த இடத்தைத் தம்பி தனித் துண்டாக வைத்திருந்தான். துண்டுக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருக்கும் என்றேன். இரண்டையும் அழித்துவிட்டு ஒரே சுவராகப் போடு. போட்டான். சந்தே இல்லாத ஒரே பலகை. மறுபடி ஓட்டினான். லீக். கோடு அதே இடத்தில் சுவருக்குள் புகுந்து போகிறது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். கோடு தொடங்குகிற இடம். பின்னறை நடுவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரம். வெறும் இடத்தில் கோடு தொடங்காது. ஒரு விளக்கோ ஆளோ ஏதாவது வைத்திருந்தால்தான் அங்கேயிருந்து தொடங்கும். அங்க என்ன வெச்சிருக்க என்று கேட்டேன்.

"ஒண்ணும் வெக்கலண்ணே... அப்பாவ அங்கதான் கெடத்தியிருந்துச்சு."

போனை வைத்துவிட்டேன். இந்த மாதிரிப் பேச்சு எனக்கு ஆகாது.

மறுநாள் மதியம் அடுத்த படம். இப்போது கோடு வெளியே போய் நிற்கவில்லை. வழக்கமாகச் சுவரைத் தாண்டி ஒரு விரல் நீளத்தில் முடிந்துவிடும். இது நீண்டுகொண்டே போகிறது. வெளியே அவன் எதையும் கட்டவில்லை. வெறும் கருப்பு. அந்தக் கருப்பில் கோடு கொஞ்சதூரம் நேராகப் போய் இடதுபக்கம் திரும்புகிறது. அப்புறம் நேர். அப்புறம் வலது. அப்புறம் வெகுதூரம் நேராகப் போய் நிற்கிறது.

இடது திரும்புகிற இடம் மேல்நிலைத் தொட்டி, வலது திரும்புகிற இடம் ரேஷன் கடை, முடிகிற இடம் கொள்ளிடக்கரை சுடுகாடு என்றான் தம்பி. பாடை போன வழி. நான் அவனைத் திட்டினேன். கணக்குப் பிசகு, எடிட்டர் பழசு, உன் கம்ப்யூட்டர் அதைவிடப் பழசு என்றேன். திட்டும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. என் வீட்டில் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டாவது நாள் படத்தில் இரண்டு கோடு.

ஒன்று போகிற கோடு. அதை ஒட்டியே இன்னொன்று, ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வருகிறது. ரேஷன் கடை, தொட்டி, பின்சுவர் வரைக்கும் வந்து அங்கே நிற்கிறது. நின்று... சுவரை ஒட்டியே வீட்டைச் சுற்றி, வாசலுக்கு வந்து, கதவுக்கு ஒரு அடி முன்னால் முடிகிறது.

மேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இடம் கட்டு என்றேன். பஸ் ஸ்டாண்டு கட்டு, டீக்கடை கட்டு, எந்தச் சனியனையாவது கட்டு. இரண்டு நாள்தான் இருக்கிறது என்றான். முதல் தேதி பேக்கிங்கில் நிற்க வேண்டும் என்றான். அழுகிற குரல்.

அன்றைக்கு ராத்திரி அவன் செய்ததை மேப் கட்டத் தெரிந்த எவனும் செய்ய மாட்டான். சோம்பேறிகள் செய்வார்கள். ஓட்டை எங்கே என்று தேட முடியாதவன், மொத்த வீட்டையும் உள்ளே வைத்து வெளியே ஒரு பெரிய பெட்டி போட்டு மூடிவிடுவான். மெஷின் பார்க்கும். பெட்டியில் ஓட்டை இல்லை. சரி என்று விட்டுவிடும். வீட்டின் ஓட்டை அப்படியே இருக்கும். வெளியே நிற்பது எதுவோ அதுவும் வீட்டோடு சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். செய்யாதே என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். பெட்டி போட்டதற்கு அப்புறம் எனக்குப் பெருமையாகப் படம் அனுப்பினான். பின்சுவரிலிருந்து நாற்பதடியில் பெட்டியின் சுவர். பூச்சில்லை, போட்டோ இல்லை, வெறும் சாம்பல் நிறம். கீழே எழுதியிருந்தான், "லீக் இல்லண்ணே."

கம்பெனிக்கு அனுப்பினான். மூன்றாம் நாள் பதில் வந்தது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, வீடு நம்பும்படி இருக்கிறது. ஒரே ஒரு குறை. வெளியே நிற்கிற பெரியவர் உள்ளே வர முடியாமல் மூடிய கதவை நோக்கி நடந்துகொண்டே இருக்கிறார். அதைச் சரிசெய்து அனுப்பினால் எடுத்துக்கொள்கிறோம்.

அவன் பெரியவர் யாரையும் வைக்கவில்லை. மேப்பில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்க்கலாம். பார்த்தான், எனக்கும் அனுப்பினான். ஒன்பது விளக்கு, ஒரு கதவு, தொடங்குகிற இடம் ஒன்று. தீர்ந்தது. கம்பெனிக்கு உண்மையை எழுது, ஆள் யார் என்று எனக்கே தெரியாது என்று எழுது என்றேன். அரைமணி நேரத்துக்கு அப்புறம் ஒரு வரி வந்தது. "கதவ தொறந்து விட்டுட்டேண்ணே."

கதவுக்கு முன்னால் ஒரு சங்கதி வைத்தால் போதும். யார் கிட்டே வந்தாலும் தானாகத் திறக்கும். ஐந்து நிமிஷ வேலை. செய்தான், அனுப்பினான், வேலை கிடைத்தது. திங்கட்கிழமை பஸ் ஏறிவிட்டான். அம்மாவைத் தனியாக விட்டு.

இதை யோசித்துக்கொண்டேதான் அந்த ரோட்டில் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பிரசாத்திடம் சொல்லவில்லை. அவன் பாம்பு புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினான்.

போய்ச் சேரும்போது பன்னிரண்டேகால். பெரியம்மா தெருவில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் முந்தானை. வீட்டு விளக்கெல்லாம் எரிகிறது. வாசக்கதவு மல்லாக்கத் திறந்திருக்கிறது.

"சாத்துனா தானா தொறந்துக்குது. அவன் போன நாள்லேருந்து. தாப்பா போட்டுப் பாத்தேன், கயிறு கட்டிப் பாத்தேன்... நிக்கல."

உள்ளே போனோம். நனைந்த சிமெண்ட் வாசனை. அதற்கு அடியில் பீடி. அந்த வீட்டில் எட்டு மாதமாகப் பீடி பிடிக்க ஆள் இல்லை. டியூப்லைட் ரீங்காரம்... அதற்கு நடுவே பின்னறையிலிருந்து ஒரு சத்தம்.

துக்.

நாலு எண்ணலாம்.

துக்.

பின்னறை வாசலில் நின்று பார்த்தோம். யாரும் இல்லை. நெல் மூட்டை இரண்டு, ஒரு பழைய டிரங்குப் பெட்டி. சத்தம் அந்த வெளுத்த பூச்சிலிருந்து வந்தது. வெளியேயிருந்து தட்டுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். இது உள்ளேயிருந்து. நாங்கள் நின்ற பக்கத்திலிருந்து. ஒவ்வொரு முறையும் பூச்சிலிருந்து கொஞ்சம் மணல் உதிர்ந்தது.

பிரசாத் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அந்தச் சத்தம் பழக்கம். பழைய விளையாட்டுகளில் ஆளுக்கு வழி தெரியாது. கட்டுகிறவன்தான் தரையில் புள்ளி புள்ளியாக வழி குறித்து வைக்க வேண்டும். குறிக்காவிட்டால் போக வேண்டிய இடத்தை நோக்கி நேராக நடப்பான். சுவர் வந்தால் முட்டுவான். பின்வாங்குவான். மறுபடி முட்டுவான். நாம் அணைக்கிறவரைக்கும் முட்டுவான். ஆளே வைக்கவில்லை என்கிறவன் வழியை எங்கே குறிக்கப்போகிறான்?

பெரியம்மா பின்னால் வந்து நின்றார். "வந்தவரு ஒக்கார மாட்டேங்குறாரு. போவணும்ங்குறாரு. போன வழியாத்தான போவத் தெரியும் அவருக்கு... அத நாமதான அடைச்சோம்."

முத்தமிழ்செல்வனுக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில். மூன்றாவது தடவை எடுத்தான். பின்னால் பாட்டு, ஆட்கள் சிரிக்கிற சத்தம். மேப்பை அழித்துவிடு என்றான் பிரசாத்.

"அது ஆபீஸ் சர்வர்ல இருக்குண்ணே. வர்றவங்களுக்கெல்லாம் அதத்தான் ஓட்டிக் காட்டுறாங்க. நைட்டு பகலா ஓடுது."

நான் போனை வாங்கினேன். "வெளிய போட்ட பெட்டிய எடு. ஒரு பக்கம் எடுத்தா போதும்."

"எடுத்தா லீக் ஆயிடும்ணே. ஓடாது."

"ஓடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

அதற்குள் துக் என்று ஒரு சத்தம். அவனுக்கும் கேட்டிருக்கும். பெரியம்மா குனிந்து போனுக்குக் கிட்டே வாயை வைத்தார். "தம்பி... ஒங்கப்பாடா."

"உள்ளதானம்மா இருக்காரு," என்றான். "இருந்துட்டுப் போறாரு."

வைத்துவிட்டான். பதினாலு மாதம் சம்பளத்துக்காக உலகத்தின் மட்டமான ஆட்களிடமெல்லாம் பேசியிருக்கிறேன். பிரிண்டருக்காக என் அம்மாவைத் திட்டியவன் உண்டு. அவர்களில் ஒருவனும் அந்தக் குரலில் பேசியதில்லை.

பெரியம்மா கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து பிரசாத் கையில் கொடுத்தார்.

பிரசாத் இடிக்க, நான் கல்லை உருவினேன். முதல் அடி விழுந்ததும் துக் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. கொத்தனார் கலவையை ஏமாற்றியிருந்தான், கல் சுலபமாக வந்தது. ஆள் நுழைகிற அளவு ஆனதும் பெரியம்மா போதும் என்று கை காட்டினார். இரண்டு பேரும் ஒதுங்கினோம். பீடி வாசனை என் வலது காதுப் பக்கமாக நகர்ந்தது. மெதுவாக, வயதானவர் குனிந்து போகிற வேகத்தில். அப்புறம் இல்லை. வெளியே கரும்புச் சோகை சரசரத்தது. காற்று இல்லை.

செத்த வீட்டில் போயிட்டு வாங்க என்று சொல்லக்கூடாது. பெரியம்மா கும்பிட்டபடி நின்றார். "போங்க," என்றார். அவ்வளவுதான்.

வாசக்கதவைச் சாத்தினோம். நின்றது. பிரசாத் குழந்தை மாதிரி அழுதான். பெரியம்மா ஆறு நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பாய் விரித்துப் படுத்தார், படுத்ததும் தூங்கிவிட்டார். நான் மட்டும் அந்த ஓட்டைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் இடித்தது வீட்டுச் சுவரை. பெட்டி அப்படியேதான் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தூங்குகிறவரை எழுப்பிச் சொல்லி என்ன செய்ய?

ஒன்றரை மாதம் போனது. அந்த ஓட்டையைப் பெரியம்மா அடைக்கவில்லை, சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்தார். பின்னாலிருந்த கரும்பை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அங்கேயிருந்து மெயின்ரோடு வரை வெட்டவெளி. ஒரு மரம் கிடையாது, ஒரு கம்பம் கிடையாது. கரும்பு போனதற்கு மறுநாள் பெரியம்மா பிரசாத்துக்குப் போன் செய்தார்.

அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். நான் தனியாகப் போனேன். பெரியம்மா சாக்கைத் தூக்கிப் பிடித்தார். கரும்பு நின்றவரை கேட்காதது வயல் பக்கமிருந்து வந்தது, கொஞ்சம் தூரத்தில்.

துக்.

டார்ச் எடுத்துக்கொண்டு ஓட்டை வழியே குனிந்து இறங்கினேன். அடிக்கட்டை காலில் குத்தியது. வயலைப் பார்த்து வெளிச்சத்தை அடித்தேன். வெட்டவெளியில் டார்ச் அடித்தால் வெளிச்சம் போய்க் கரைந்துவிடும். இது கரையவில்லை. மேப்பில் பெட்டிச் சுவர் நின்ற அதே நாற்பதடியில் வட்டமாக, தட்டையாக, அந்தரத்தில் நின்றது. அதற்கு அப்பால் மெயின்ரோட்டில் ஒரு லாரி விளக்கோடு போகிறது, தெளிவாகத் தெரிகிறது.

டார்ச்சைக் கொஞ்சம் உயர்த்தினேன். வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு கறை. ஐந்தரை அடி உயரத்தில், ஒரு நெற்றி அகலத்துக்கு, எண்ணெய்ப் பிசுக்கு. அதன் நடுவில் திருநீறு மூன்று கோடாக அப்பியிருந்தது... நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் அழுந்தியது.